பிள்ளையைச் சேர்க்கும் முன்னால எதைப் பார்க்கணும்? குமரி மாவட்ட நர்சரி, அங்கன்வாடி பத்தி தெரிஞ்சவங்க பகிர்வு

தக்கலை அம்மா:
ரெண்டரை வயசுப் பிள்ளை, ஜூன்ல சேர்க்கணும். நாலு இடம் பார்க்கப் போறோம். உள்ளே போனா எதைக் கவனிக்கணும்னு இந்த வேலையில இருக்கிறவங்க விவரமா சொல்லுங்க.

நர்சரி டீச்சர், மார்த்தாண்டம்:
சுவர்ப் படத்தைப் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க அம்மா. காலை 11 மணிவாக்குல போங்க. பிள்ளைங்க தின்பண்டம் தின்னுட்டு, ஒண்ணுக்குப் போயிட்டு வர்ற நேரம் அது. நேரே கை கழுவுற இடத்துக்குப் போங்க. குழாய் பிள்ளைக்கு எட்டுற உயரத்துல இருக்கா, சோப்பு இருக்கா? சோப்பை வலைப்பையில போட்டுக் குழாயில கட்டியிருந்தா நல்ல இடம். அது கீழே விழாது, கரைஞ்சும் போகாது. 20 விநாடி தேய்க்கணும், விரல் இடுக்கும் நகக்கண்ணும் சேர்த்து. ஆயா ஒரே துண்டால பத்து முகத்தைத் துடைச்சா, ஒரு பிள்ளைக்கு வந்த கண்வலி அந்த வாரமே வகுப்பு முழுக்கப் பரவிடும்.

நம்ம ஊர்ல இது இன்னும் முக்கியம். பள்ளி திறக்கும்போதே மழையும் தொடங்கிடும். தென்மேற்கு ஓய்ஞ்ச கொஞ்ச நாள்லயே வடகிழக்கு வந்துடும். துண்டு ரெண்டு நாளானாலும் காயாது. கூரைக்குள்ள கொடி கட்டியிருக்காங்களா, ஆளுக்கு ரெண்டு துண்டு பேரெழுதிக் கேட்கிறாங்களான்னு விசாரிங்க. குடிக்கிற பானைக்குள்ள பிள்ளைங்க டம்ளரை முக்குறாங்கன்னா, தண்ணி எவ்வளவு காய்ச்சினதா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. குழாய் வச்ச பானையோ நீளக் கைப்பிடி அகப்பையோ வேணும்.

கழிப்பறையில வாளி நிறைய தண்ணி நிக்குதான்னு பாருங்க. நாலு விரல் ஆழம் தண்ணியில தலைகுப்புற விழுந்தாக்கூட இந்த வயசுப் பிள்ளைக்கு உயிர் போகும். உபயோகிச்சதும் கவிழ்த்து வைக்கணும். பக்கத்துல குளமோ சானலோ (பாசன வாய்க்கால்) இருந்தா வெளிக்கதவுத் தாழ்ப்பாள் பெரியவங்க உயரத்துல இருக்கணும். வெளியே கூட்டிப் போகும்போது ஒருதரம், திரும்பினதும் ஒருதரம் தலை எண்ணி எழுதுற பழக்கம் உண்டான்னும் கேளுங்க.

அங்கன்வாடி பணியாளர், குளச்சல் பக்கம்:
டீச்சர் சொன்னதோட எடையையும் சேர்த்துக்கோங்க. மாசம் ஒருதரம் எடை பார்க்கணும். தராசு முள் பூஜ்யத்துல நிக்கணும், செருப்பும் கனத்த உடுப்பும் கழற்றணும். ஒரு மாசத்து எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம், மாசா மாசம் எடையைக் குறிக்கிற வளர்ச்சி அட்டையில கோடு மேலே போகுதான்னு பாருங்க. ரெண்டு மாசம் கோடு படுத்தே கிடந்தா காரணம் கேட்டாகணும்.

கைச் சுற்றளவு எடுக்கிறதுலதான் தப்பு அதிகம். இடது கையை முழங்கையில மடக்கி, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவுல குறி போடணும். பிறகு கையைத் தொங்கவிட்டு அந்தக் குறியில நாடாவைச் சுத்தணும். இறுக்கிப் பிடிச்சா நல்லா இருக்கிற பிள்ளையும் மெலிஞ்சதாக் காட்டும். 6 மாசத்துலேர்ந்து 59 மாசம் வரைக்கும் 11.5 செ.மீ.க்குக் கீழே வந்தா கடும் மெலிவு, உடனே ஆஸ்பத்திரி. 11.5-க்கும் 12.5-க்கும் இடையில இருந்தா மிதமான மெலிவு.

சத்துமாவுல வெல்லம் இருக்கு, மழைக்காலத்துல ஈரத்தை இழுத்துக் கட்டியாகிடும். இறுக்கமான மூடி போட்ட டின்னும் காய்ஞ்ச கரண்டியும் இல்லாத மையத்துல மாவு சீக்கிரம் கெட்டு மணக்கும். பிசையிறதுக்குக் கொதிச்ச தண்ணிதான்.

கிராம சுகாதார செவிலியர்:
சாப்பாட்டுல ஒரு எச்சரிக்கை. மட்டிப்பழம் (நம்ம ஊர்ச் சின்ன வாழைப்பழம்) மசிச்சுக் கொடுங்க, குழந்தைக்கு அதுபோல சுகமான பழம் வேற இல்லை. ஆனா நுங்கை முழுசா வாயில போட விடக்கூடாது, வழுக்கித் தொண்டையை அடைச்சிடும். சக்கைக்குரு (பலாக்கொட்டை), வேர்க்கடலை, முழுத் திராட்சை எல்லாம் நாலு வயசு வரைக்கும் அப்படியே கொடுக்கக் கூடாது. திராட்சையை நீளவாக்குல நாலா வகுந்து கொடுக்கணும். வீட்டுலேர்ந்து மீன் கொடுத்துவிட்டா நெய்மீன், சூரை மாதிரி பெரிய முள் உள்ளது போதும், சாளை (மத்தி) வேண்டாம்.

அடைச்சிட்டா என்ன செய்வீங்கன்னு ஆயாகிட்டயே கேளுங்க. சத்தமா இருமினா இருமவிடணும். சத்தமே வராம முகம் நீலம் பூத்தா, ஒரு வயசு தாண்டின பிள்ளையைக் குனியவச்சுத் தோள்பட்டைகளுக்கு நடுவுல 5 தட்டு, அப்புறம் தொப்புளுக்கு மேலே உள்ளேயும் மேலேயும் 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாம வாய்க்குள்ள விரலை விட்டுத் துழாவினா பொருள் இன்னும் உள்ளே போகும்.

வயித்துப்போக்கு வந்தா ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில முழுசாக் கரைக்கணும். டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமாக் கலக்குறது தப்பு, உப்பு அளவு மாறிடும்.

முந்திரி ஆலை ஊர்க்காரர்:
நேரத்தையும் பாருங்க. ரப்பர் வெட்டப் போறவங்க விடியுமுன்னே கிளம்புறாங்க, மீன் விற்கப் போற அம்மாமாரும் அப்படித்தான். மையம் திறக்கிறது அதுக்கு எத்தனையோ நேரம் கழிச்சு. 50 பெண்களுக்கு மேலே வேலை செய்யிற தொழிற்சாலையில 6 வயசுக்குட்பட்ட பிள்ளைங்களுக்குக் காப்பகம் வேணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டமே சொல்லிச்சு, 1976-ல அந்த 50-ஐ 30 ஆக்கினாங்க. எந்த நிறுவனத்துலயும் 50 பேரோ அதுக்கு மேலேயோ இருந்தா காப்பகம், அம்மா நாளுக்கு 4 தரம் போய்ப் பார்க்கலாம்னு 2017-ல மகப்பேறு நலச் சட்டத்துல சேர்த்தாங்க. அதுக்கான வழிகாட்டுதல்ல 3 வயசுக்குக் கீழே 10 பிள்ளைக்கு ஒரு பயிற்சி பெற்றவர், 3-க்கு மேலே 20 பிள்ளைக்கு ஒருத்தர், கூட ஒரு உதவியாளர்னு இருக்கு. எங்கே சேர்த்தாலும் இந்தக் கணக்கை வச்சு எண்ணிப் பாருங்க.

நர்சரி டீச்சர், மார்த்தாண்டம்:
படிப்பு பத்தி யாரும் சொல்லலை. மூணு வயசுல நாலு கோடு நோட்டைக் கொடுக்கிற இடம் வேண்டவே வேண்டாம். விரல் எலும்பும் தசையும் இன்னும் உறுதியாகலை. முஷ்டியால பென்சிலைப் பிடிச்சு எழுதப் பழகினா பிறகு மாத்துறது பெரும்பாடு. எழுத்துக்கு முன்னால மாவு பிசையணும், ஓலை கிழிக்கணும், ஈர மணல்ல விரலால வளைக்கணும். புளியங்கொட்டை கோர்க்கிறது பெரிய பிள்ளைங்களுக்கு மட்டும். சின்னப் பிள்ளை அதை மூக்குக்குள்ள போட்டுக்கும்.

மூணு அளவுச் சிரட்டையும் (கொட்டாங்கச்சி) ஒரு தொட்டி மணலும் இருந்தா கணக்குப் பாடம் தயார். சின்னச் சிரட்டையால பெருசை நிரப்ப எத்தனை தரம் கோரணும்னு பிள்ளை தானே கண்டுபிடிக்கும். நூறு வரைக்கும் ஒப்பிக்கிற பிள்ளைகிட்ட "நாலு சோழி எடுத்துக் கொடு மக்களே"ன்னு கேளுங்க. கை நிறைய அள்ளித் தந்தா எண் இன்னும் பாட்டாத்தான் இருக்கு, எண்ணிக்கை ஆகலை.

பேச்சையும் கவனிங்க. பிள்ளை சக்கைன்னு சொன்னா, "தப்பு, பலாப்பழம்"னு வெட்டிப் பேசுற டீச்சர்கிட்ட அது வாயே திறக்காது. "ஆமா, சக்கை. இதைப் பலாப்பழம்னும் சொல்லுவாங்க"ன்னா ரெண்டு சொல்லும் கிடைச்சிடும்.

தக்கலை அம்மா:
அழுதா? தெரியாம நழுவிட்டு வந்துடுங்கன்னு ஒரு இடத்துல சொன்னாங்க.

அங்கன்வாடி பணியாளர், குளச்சல் பக்கம்:
செய்யவே செய்யாதீங்க. விளையாட்டுல கண் இருக்கிற நேரம் நீங்க காணாமப் போனா, மறுநாள் பிள்ளை விளையாடவே போகாது, உங்க சேலையைப் பிடிச்சிட்டே நிக்கும். முதல் நாள் அரைமணி நேரம் நீங்களும் கூட இருங்க. ரெண்டாம் நாள் திண்ணையில உட்காருங்க. மூணாம் நாள், "கஞ்சி குடிச்சு முடிச்சதும் அம்மா வருவேன்"னு சொல்லிட்டுப் போங்க. பிள்ளைக்கு மணி தெரியாது, கஞ்சி தெரியும். அது குடிச்சு முடிக்கும்போது வாசல்ல நில்லுங்க.