ஆரியங்காவு ஓடையில் பார்த்த தட்டான்: மேக்ரோமியாவா, ஐடியோனிக்ஸா? படமும் சரியா விழலை

புளியரைக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஆரியங்காவு பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டின ஓடையில, சாரல் விட்ட நேரம், சாயங்காலம் பார்த்தது. புதருக்குள்ள குச்சியைப் பிடிச்சு நேர் கீழா தொங்குது. நெஞ்சுல பச்சை மினுமினுப்பு, பக்கத்துல மஞ்சள் பட்டை. வால் வெறும் கருப்பு. கண்ணு ரெண்டும் மரகதப் பச்சை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு. படத்தை வச்சுப் பேர் சொல்ற செயலி இதை மேக்ரோமியாங்குது, இன்னொருத்தர் ஐடியோனிக்ஸ்னாரு; ரெண்டுமே தட்டான் வகைதான். தொங்குறதைப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் தோணுது. 100 எம்எம் மேக்ரோ லென்ஸ், திறப்பு எஃப் 4. ஃபிளாஷ் போட்டா முதுகுல வெள்ளைத் திட்டு, போடலேன்னா வெறும் நிழல். என்ன செய்ய?

ஓடைக்கரை:
தொங்குறதை வச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி, ரெண்டும் அப்படித்தான் தொங்கும். மேக்ரோமியா ஆளு பெரிசு, ஏழு சென்டிமீட்டர் பக்கம் வரும், வால் நெடுக மஞ்சள் வளையம் இருக்கும். நீங்க சொல்ற அடையாளம் ஐடியோனிக்ஸ். தென்மேற்குப் பருவமழையோட தலைகாட்டும். பகல்ல பெரும்பாலும் நிழல்ல தொங்கும், இருட்டுக் கட்டுற நேரந்தான் அதிகம் பறக்கும். அபூர்வம்னு பேர் வாங்கினதுல பாதி, அந்த நேரத்துல நாம வீட்ல காப்பி குடிக்கிறதால.

எந்த இனம்னு கேட்டா, அங்கதான் வம்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில இதுல பல இனம் இருக்கு, எல்லாம் ஒரே சாயல். தட்டான் ஆராய்ச்சியாளர் எஃப். சி. ஃபிரேசர் காலத்துலேர்ந்தே ஆணோட வால்நுனிக் கொடுக்கைப் பார்த்துத்தான் பிரிக்காங்க. இணை சேரும்போது பெண்ணைப் பிடிக்கிற கொடுக்கு அது, வளைவும் முள்ளும் இனத்துக்கு இனம் மாறும். உங்க படத்துல கண்ணு பளிச்னு இருக்கு, வால்நுனி மங்கல். கண்ணு அழகுதான், துப்பு அதுல இல்லை.

மேக்ரோ மாடசாமி:
படத்துக்கு நான் சொல்றேன். எஃப் 4-ல கொஞ்ச இடந்தான் தெளியும், எஃப் 11 வைங்க. ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/160. ஃபிளாஷுக்கு முன்னால ட்ரேசிங் பேப்பரை ரெண்டு மடிப்பா, கொஞ்சம் தள்ளி, அகலமாப் பிடிங்க. வெளிச்சம் வர்ற பரப்பு பெரிசானாத்தான் அந்த வெள்ளைத் திட்டு கரையும். பின்னணி கருப்பாப் போனா ஷட்டரை 1/60-க்கு இறக்குங்க. கேமராவும் உடம்பும் இணையா இருக்கணும், இல்லேன்னா தலை தெளிஞ்சா வால் போயிரும். முதல்ல தள்ளி நின்னு ஒண்ணு எடுத்துட்டு அப்புறம் நெருங்குங்க. வால்நுனியை மட்டும் மேலேர்ந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. அட்டைக்கு உப்புத்துணி மறக்காதீங்க, குனிஞ்ச உடனே ஏறிரும்.

புளியரைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. வலை போட்டுப் பிடிச்சு, கையில வச்சு எடுத்துட்டு விட்டா சுலபமாச்சே?

ஓடைக்கரை:
வேண்டாம். அந்தப் பக்கம் காப்புக்காடு, அடுத்தாப்ல செந்துருணி சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாம வலையோட நின்னா பதில் சொல்லி மாளாது. தொங்குறப்பவே எடுங்க, பதறாம நெருங்கினா அசையாது.

புளியரைக்காரன்:
நேத்து மறுபடியும் அதே ஓடை. படம் போட்டிருக்கேன். வால்நுனி தெளிவு. ஆனா கொடுக்கு ரொம்பச் சின்னதா, மொட்டையா இருக்கே?

ஓடைக்கரை:
அது பெண், தம்பி. படம் பிரமாதம், முதுகுத் திட்டும் போச்சு. ஆனா இதை வச்சு இனப்பேர் சொன்னா கதை விடுறதாயிரும். ஐடியோனிக்ஸ்னு பேரினம் (பல இனம் சேர்ந்த குழுவோட பேர்) மட்டும் போட்டு, தேதியும் இடமும் சேர்த்து, பார்த்த உயிரினங்களைப் பதியுற ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல ஏத்துங்க. அதே புதரைச் சுத்தி ஆண் தொங்கலாம், இருட்டுறதுக்கு முன்னாடி தேடுங்க.