கால் பங்கு கொழுப்புக்கு மூணு வேளை மாத்திரையா?

கீழவாசல்:
"எடை குறைய ஆர்லிஸ்டாட் 60 மில்லிகிராம் மாத்திரையை மூணு வேளையும் போடுங்க, சாப்பாட்டுல கை வைக்க வேண்டாம், கொழுப்புல கால் பங்கு வெளியே போயிடும்"னு நேத்து ஃபார்மாபித்தன் எழுதியிருக்கார். படிச்சதுலேர்ந்து ஆத்திரமா வருது. அந்த மாத்திரை போடறவங்க ஒரு வேளைக்குச் சுமார் 15 கிராம் கொழுப்போட நிறுத்திக்கணும். அதுல கால் பங்குன்னா 4 கிராம்கூட வராது. மூணு வேளைக்கும் சேர்த்து 11 கிராம், அதாவது 100 கலோரி. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்லயே 120 கலோரி இருக்கு. அந்த ஒரு ஸ்பூனைக் குறைங்க, போதும்.

ஃபார்மாபித்தன்:
தாளிப்புல ஒரு ஸ்பூன் குறைச்சா அது நாலு பேருக்குப் பங்காகும் சார். ஆளுக்கு 30 கலோரி. மாத்திரையோ போடறவருக்கு மட்டும் 100. வகுத்தல் தெரியாம கணக்கு எழுதாதீங்க.

கீழவாசல்:
தாளிப்புன்னு நான் எங்க எழுதினேன்? தலைக்கு ஒரு ஸ்பூன். நாலு தோசைக்குத் தோசைக்கு ஒரு டீஸ்பூன்னு ஊத்தினா 20 மில்லி, 160 கலோரி. பாதி வெங்காயத்தை எண்ணெய்ல தொட்டுக் கல்லுல தேய்ச்சா அதுல முக்கால்வாசி மிச்சம். வீட்டு அளவு தெரியணும்னா மாசத்துக்கு வாங்கற எண்ணெயைத் தலைக்கு வகுங்க. ஆளுக்கு 1 லிட்டர்னா தினம் 33 மில்லி, 270 கலோரி. கரண்டியால ஊத்தறவங்களுக்கு இது தெரியவே தெரியாது.

தென்பொதிகை:
ரெண்டு பேரும் எண்ணெயிலயே நிக்கறீங்க. ஆர்லிஸ்டாட் குடல்ல கொழுப்பைச் செரிக்க வைக்கற லைபேஸ்ங்கற நொதியைத்தான் தடுக்கும், மாவுச்சத்தைத் தொடாது. மலையா சோறும் இட்லியும் சாப்பிடறவருக்கு அது என்ன செய்யும்? கொழுப்பில்லாத வேளைக்கு அந்த மாத்திரையே வேண்டாம். இதுக்குக் குடம்புளி மாத்திரை தேவலை.

கீழவாசல்:
குடம்புளியா! 1998-லயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழ்ல வந்தாச்சு. 12 வாரம், குடம்புளியில இருக்கற ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் தினம் 1500 மில்லிகிராம் கொடுத்தாங்க. மருந்தில்லாத வெற்று மாத்திரை போட்டவங்களைவிட எடை கூடுதலா குறையல. மீன் குழம்புல போடுங்க, நல்லா இருக்கும்.

தென்பொதிகை:
பேலியோ விவாதத்துலயும் இப்படித்தான் ஒரே ஒரு ஆய்வைத் தூக்கிட்டு வந்தீங்க. மறக்கல.

ஃபார்மாபித்தன்:
ஆய்வுதானே வேணும்? ஸ்வீடன்ல 4 வருஷம், 3300 பேர், 2004-ல வெளியாச்சு. ஆர்லிஸ்டாட் போட்டவங்களுக்கு 5.8 கிலோ குறைஞ்சது, வெற்று மாத்திரைக்கு 3.0. உங்க ஸ்பூனுக்கு இப்படி ஒண்ணு காட்டுங்க.

கீழவாசல்:
அது 120 மில்லிகிராம், டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கற அளவு. நீங்க போடச் சொல்றது 60. இன்னொண்ணையும் மறைக்கறீங்க: ரெண்டு பிரிவுக்கும் தினம் 800 கலோரி குறைச்ச சாப்பாட்டுத் திட்டம் கொடுத்தாங்க. அந்த 3 கிலோ சாப்பாட்டை மாத்தினதால குறைஞ்சது. மாத்திரை அதுக்கு மேல 2.8 சேர்த்துது, அதுவும் நாலு வருஷத்துல. "சாப்பாட்டுல கை வைக்க வேண்டாம்"னு அந்த ஆய்வு எங்கயும் சொல்லல. கை வைக்காம பிரியாணியோட போட்டா செரிக்காத எண்ணெய் உள்ளாடை வரைக்கும் கசியும். அதை ஏன் எழுதல?

ஃபார்மாபித்தன்:
அது பக்கவிளைவு இல்ல, கட்டுப்பாடு. கசிவுக்குப் பயந்தே எண்ணெயைக் குறைப்பாங்க. தலைக்கு ஒரு ஸ்பூனை எந்த வீட்டுல அளக்கறாங்க? மாத்திரையை அளக்க வேண்டாம்.

கீழவாசல்:
அளக்க வேண்டாம், நேரம் பார்க்கணுமே! கொழுப்புல கரையற ஏ, டி, ஈ, கே வைட்டமின் உடம்புல சரியா சேராதுன்னு ராத்திரி படுக்கும்போது ஒரு மல்டிவைட்டமின். தைராய்டு மாத்திரைக்கும் இதுக்கும் நடுவுல 4 மணி நேரம். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடறவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. நேத்து எழுதினதுல இதுல ஒரு வரி உண்டா?

ஃபார்மாபித்தன்:
அட்டைப்பெட்டிக்குள்ள இருக்கற சீட்டுல எல்லாம் இருக்கு. படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுப்பாங்க. தாளிப்புக் கணக்குக்கு இன்னும் பதில் வரல.

கீழவாசல்:
தாளிப்புன்னு நான் எழுதவே இல்லைங்கறேன். மேல போய்ப் படிங்க.