கெளுத்திக்கு எந்த இரை? குடும்பக் குழு, சனிக்கிழமை மாலை

கார்த்தி: நாளைக்குக் குளத்துக்குப் போறது உறுதிதானே? இரை என்ன வாங்கணும்னு யாராவது சொல்லுங்க. கோழிக்கடை மூடிருவாங்க

கார்த்தி: கெளுத்திக்கு மட்டும் சொல்லுங்க. புதுத் தண்ணி வந்ததும் ஏறி நிக்குதாம்

விஜி அக்கா: யார் சொன்னா?

கார்த்தி: எல்லாரும் சொல்றாங்க

விஜி அக்கா: பசங்க இப்பவே தொப்பி எடுத்து வச்சிட்டாங்க

பெரியப்பா: மண்புழு போதும்

செந்தில் அண்ணன்: கோழிக்குடல். வாங்கி மூடி போட்டு வெயில்ல வை. காலைல சரியா நாறும்

கார்த்தி: மணி ஆறு ஆகுது. வெயிலுக்கு எங்க போறது

செந்தில் அண்ணன்: அடுப்புப் பக்கத்துல வை

அம்மா: என் அடுப்புப் பக்கத்துல ஒண்ணும் வைக்க வேண்டாம்

ராஜு மாமா: கொஞ்சம் பொறுங்க. எழுதிட்டிருக்கேன்

பிரியா: ஆரம்பிச்சாச்சு 😂

ராஜு மாமா: கார்த்தி, கெளுத்தி கண்ணை நம்பி மேயற மீன் இல்ல. மீசை, வாய் மட்டும் இல்லாம உடம்புத் தோல் பூரா அதுக்குச் சுவை தெரியும். கலங்கல்லயும் இருட்டுலயும் அதை வச்சுத்தான் இரையத் தேடி வரும். அதனால நீ போடற இரைல இருந்து சாறு கசிஞ்சுக்கிட்டே இருக்கணும், அந்தச் சாறு தண்ணியில கரையணும். ரத்தம், ஈரல், இறால், மீன் சதை எல்லாம் எடுபடறது இதனாலதான். நம்ம மூக்கைப் பொத்த வைக்கிற நாத்தம் காத்துல போயிடுது, அடியில கிடக்கிற மீனுக்கு அதுல பாதி கூடப் போய்ச் சேராது.

செந்தில் அண்ணன்: நாறினாத்தான் மாமா வரும். யாரை வேணா கேளுங்க

ராஜு மாமா: அழுகினதைத் தின்னுற கெளுத்தியும் இருக்கு, மறுக்கல. ஆனா அழுகின குடல் கூழாயிடும், வீசும்போதே முள்ளை விட்டுப் பறந்துடும். நீ வெறும் முள்ளைத் தண்ணியில போட்டுட்டு அரை மணி நேரம் பாத்துட்டு உக்காந்திருப்ப. பெரிய வாளை மாதிரி வேட்டையாடற சாதி அழுகினதைப் பெரும்பாலும் சீண்டாது.

பெரியப்பா: குடல் வேண்டாம். அந்தக் கையோட என் வண்டில ஏறக்கூடாது

கார்த்தி: உங்க வண்டியா பெரியப்பா? மாமா வண்டின்னு நெனச்சேன்

ராஜு மாமா: என் வண்டின்னு நான் சொல்லவே இல்லையே

விஜி அக்கா: அப்போ யார் வண்டி?

அம்மா: ராஜு, அந்த மாத்திரை வாங்கிட்டியா

ராஜு மாமா: வாங்கிட்டேன்க்கா. கார்த்தி, ஈரல் வாங்கு. கோழி ஈரல், இன்னைக்கு வெட்டினது. ஃப்ரீசர்ல கட்டியா இருந்து இளகினது வேண்டவே வேண்டாம். உறைஞ்சு இளகும்போது சதை உடைஞ்சு ரத்தம் முழுக்கப் பைக்குள்ளயே வடிஞ்சிரும், மிச்சம் இருக்கறது சளி. கடைக்காரர் கழுவித் தரேன்னா வேண்டாம்னு சொல்லு. ரத்தத்தோட வேணும்.

கார்த்தி: எவ்ளோ?

ராஜு மாமா: கணக்கு போடு. நாலு தூண்டில். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரை மாத்தணும். மணிக்கு 12 துண்டு. 500 கிராம்ல 25ல இருந்து 30 துண்டு வரும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல கொஞ்சம் ஓடும். மீதி நேரத்துக்கு மண்புழு.

பெரியப்பா: அதைத்தான் முதல்லயே சொன்னேன்

செந்தில் அண்ணன்: 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை எதுக்கு மாத்தணும்? இரை முள்ளில அப்படியே தானே இருக்கு

ராஜு மாமா: இருக்கும். ஆனா எடுத்துப் பாரு, வெளுத்துச் சாம்பல் நிறமா ஆயிருக்கும். சாறு போன சக்கை அது. ஓரம் வெளுக்க ஆரம்பிச்சாலே மாத்திடு. ஓடற தண்ணின்னா 15 நிமிஷம் கூடத் தாங்காது.

பிரியா: ஈரல் முள்ளில நிக்கவே நிக்காதே மாமா, கொழகொழன்னு இருக்குமே

ராஜு மாமா: நல்ல கேள்வி. நூல் கட்டணும்.

ராஜு மாமா: துண்டு 3 செ.மீ. இருந்தா போதும். முள்ளை ஒரு பக்கம் குத்தி வெளிய எடுத்து, திருப்பி இன்னொரு இடத்துல குத்து. மூணு தடவை. அப்புறம் மெல்லிசான தையல் நூலை எடுத்து துண்டையும் முள்ளோட தண்டையும் சேத்து எட்டு பத்து சுத்து சுத்தணும். இழுத்து இறுக்கிடாதே, நூல் ஈரலை அறுத்துரும். கடைசி சுத்தை முள்ளோட கண்ணுக்குக் கீழ முடிச்சுப் போட்டு வெட்டு. ரொம்ப முக்கியம், முள்ளோட முனை வெளிய தெரியணும். இரைக்குள்ள புதைஞ்சிருந்தா மீன் கடிச்சாலும் தாடையில ஏறாது.

ராஜு மாமா: வீசும்போது சாட்டை மாதிரி சுண்டக்கூடாது. கம்பைப் பக்கவாட்டுல கொண்டு வந்து மெதுவா ஆட்டி விடு. 15 மீட்டர் போனாப் போதும். கெளுத்தி கரையோரமும் மேயும்.

செந்தில் அண்ணன்: எலாஸ்டிக் நூல் இன்னும் நல்லா நிக்கும்

ராஜு மாமா: ஆமா, நிக்கும். முடிச்சும் வேண்டாம்

விஜி அக்கா: பாருங்கடா, மாமாவும் செந்திலும் ஒரு விஷயத்துல ஒத்துப் போயிட்டாங்க

சித்ரா அத்தை: ஃப்ரிட்ஜுல மூடி போட்ட டப்பா ஒண்ணு இருக்கு. உள்ளே மண்ணு. இது என்னன்னு இந்த வீட்டுல யாராவது சொல்லுவாங்களா

பிரியா: 😂😂😂

ராஜு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்ரா அத்தை: நீக்கினாலும் படிச்சுட்டேன். பால் பாக்கெட் பக்கத்துல புழுவா

ராஜு மாமா: மூடியில ஓட்டை போட்டிருக்கேன், ஒண்ணும் வெளிய வராது. மண்புழு குளுமையான இடத்துல இருந்தாத்தான் காலைல துடிப்பா இருக்கும். சூட்டுல விட்டா ராத்திரியே செத்து மொத்த டப்பாவும் கெட்டுரும்.

பெரியப்பா: ஈரச் சாக்குல சுத்தி, திண்ணை நிழல்ல வச்சாப் போதும் மாப்ளே

சித்ரா அத்தை: அண்ணா சொன்னது கேட்டுச்சா?

ராஜு மாமா: சரி, எடுத்துடறேன்

கார்த்தி: மண்புழு எப்படி கோக்கணும்? ஒண்ணா, ரெண்டா?

பெரியப்பா: மூணு நாலு

ராஜு மாமா: அத்தான் சரியாச் சொன்னார். ஒரு புழுவை முழுசா முள்ளு மேல ஏத்தாதே. நடுவுல ரெண்டு மூணு இடத்துல குத்தி, ரெண்டு முனையும் 2 செ.மீ. தொங்க விடு. அந்த நெளிவுதான் இழுக்கும். இப்படி மூணு நாலு புழு சேந்தா கொத்தா இருக்கும், கெளுத்தி வாய்க்கு அதுதான் அளவு. டப்பா மண்ணு பிழிஞ்சா சொட்டக்கூடாது, உதிரவும் கூடாது. தண்ணி தேங்கினா புழு மூச்சு முட்டிச் செத்துரும்.

பெரியப்பா: மாப்ளே அந்தத் தூண்டில் ரீல் என்னாச்சு

ராஜு மாமா: எடுத்து வச்சிருக்கேன் அத்தான்

பெரியப்பா: போன தடவையும் எடுத்துதான் வச்சிருந்தே

அம்மா: இங்க வேண்டாம் ரெண்டு பேரும்

கார்த்தி: முள் எந்த நம்பர்? வீட்டுல 2 இருக்கு, 8 இருக்கு, 2/0 இருக்கு

செந்தில் அண்ணன்: 8 பெருசு. அதைக் கொண்டு வா

ராஜு மாமா: செந்தில், தப்பு. சும்மா நம்பர்னா எண் கூடக் கூட முள் சின்னது. 8 பொடி முள். கோடு போட்டுப் பூஜ்யம் வந்தா தலைகீழ், 1/0ஐ விட 2/0 பெருசு. கால் கிலோ, அரை கிலோக் கெளுத்திக்கு மண்புழுவோட 4 அல்லது 6. ஈரலுக்கு 1/0ல இருந்து 3/0 வரை. கார்த்தி, உன் 2/0ஐக் கொண்டு வா. 2ஐ மண்புழுவுக்கு வச்சுக்கலாம்.

செந்தில் அண்ணன்: 👍

விஜி அக்கா: பசங்க ஈரல் தொட மாட்டாங்க, புழு வேண்டவே வேண்டாம்னு சின்னவ இப்பவே அழறா. வேற வழி இருக்கா

ராஜு மாமா: மாவு உருண்டை செஞ்சு குடு. மைதா 200 கிராம், கடலைப் புண்ணாக்குத் தூள் 100, காய்ஞ்ச இறால் பொடி 50, ஒரு முட்டை. தண்ணி தெளிச்சுத் தெளிச்சுப் பிசை, விரல்ல ஒட்டாத பதம் வரணும். ஒரு கைப்பிடிப் பஞ்சைப் பிச்சு இழை இழையா அதுல கலந்து பிசைஞ்சா முள்ளை விட்டு விழாது. அரை மணி ஊறட்டும். 2 செ.மீ. உருண்டையா உருட்டிக் கொதிக்கிற தண்ணியில போட்டு, மேல மிதந்து வந்ததும் எடுத்துரு. அதுக்கு மேல வேக விட்டா ரப்பர் ஆயிடும், சாறு வெளிய வராது.

விஜி அக்கா: சரியா வந்துச்சான்னு எப்படிப் பாக்கறது?

ராஜு மாமா: ஒரு டம்ளர் தண்ணியில ஒண்ணைப் போடு. 15 நிமிஷம் கழிச்சும் உருண்டை உடையக்கூடாது, ஆனா சுத்தித் தண்ணி லேசாக் கலங்கியிருக்கணும். தண்ணி தெளிவா இருந்தா இறால் பொடி இன்னும் சேத்துக்கோ.

பிரியா: மீன் எண்ணெய் மாத்திரை இருக்கு, உடைச்சு ஊத்தலாமா?

ராஜு மாமா: அவ்வளவா உபயோகம் இல்லம்மா. எண்ணெய் மேல மிதந்து வந்துரும், கெளுத்தி அடியில கிடக்கும். இறால் பொடி, ரத்தம் இதெல்லாம் தண்ணியில கரைஞ்சு அடியிலயே பரவும்.

பிரியா: ஓ

செந்தில் அண்ணன்: பெருசா ஒண்ணு பிடிக்கணும்னா மீன் துண்டு. மத்தி

ராஜு மாமா: இதுலயும் ஒத்துக்கறேன். மத்தி மாதிரி கொழுப்பு மீன், கெடாதது. தோலோட 3 செ.மீ. குறுக்கா வெட்டு. முள்ளைத் தோல் பக்கமா ஏத்து, தோல்தான் பிடிமானம். வாளைக்குன்னா உயிர் மீன், முதுகுத் துடுப்புக்குக் கீழ முதுகெலும்பு படாம கோக்கணும். ஆனா அந்தக் குளத்துலயே பிடிச்ச பொடி மீனா இருக்கணும். வேற குளத்து மீனைக் கொண்டு போய் விடாதீங்க, நோயும் வரும், வேண்டாத சாதியும் பரவும்.

கார்த்தி: கடைக்குக் கிளம்பறேன். வேற என்ன வாங்கணும், சீக்கிரம்

ராஜு மாமா: ஐஸ். ஈரலை இறுக்கமான பையில கட்டி ஐஸ் மேல வை. ஐஸ் உருகின தண்ணிக்குள்ள மூழ்கினா ரத்தம் கழுவிப் போயிடும், மத்ததெல்லாம் சரியாச் செஞ்சும் பிரயோஜனம் இல்ல. ஐஸ்பெட்டி அத்தான்கிட்ட இருக்கு

பெரியப்பா: ரீல் வந்தா ஐஸ்பெட்டி வரும்

விஜி அக்கா: அப்பா!!

செந்தில் அண்ணன்: பொடி மீன் கொத்தியே ஈரலைத் தீத்துடும் மாமா. அதுக்கு என்ன சொல்றீங்க

ராஜு மாமா: கம்பு நுனி டுக்கு டுக்குனு வேகமா ஆடினா அது பொடி மீன். கெளுத்தி எடுத்தா நுனி நிதானமா வளைஞ்சு ஒரே பக்கமா இழுக்கும், அப்போதான் தூக்கணும். பொடி விடலைன்னா ஈரலை நிறுத்திட்டுக் கோழி இரைப்பைக்கு மாறு. கெட்டியா இருக்கும், கொத்திப் பிய்க்க முடியாது. ஆனா சாறு கம்மி, அதனால கத்தியில குறுக்கும் நெடுக்கும் கீறி ஈரல் ரத்தத்துல புரட்டிப் போடு. நண்டு தொல்லைன்னா முள்ளுக்கு ஒரு சாண் மேல சின்னத் தக்கை ஒண்ணு கட்டு, இரை தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி நிக்கும்.

அம்மா: பசங்க யாரும் மீனைக் கையால தொடக்கூடாது

ராஜு மாமா: அக்கா சொல்றது சரி. முதுகுல ஒரு முள், செவுளுக்குப் பின்னால பக்கத்துக்கு ஒண்ணு. துணியால பிடிக்கணும். தேளின்னு விஷ முள் இருக்கிற கெளுத்தி ஒண்ணு உண்டு, அது குத்தினா கை தாங்கற சூட்டுல வெந்நீர், அரை மணி நேரமாவது ஊறணும். அப்பவும் வீக்கம், வலி ஏறினா டாக்டர். பிளாஸ்க்ல வெந்நீர் ஒண்ணு எடுத்துக்கோங்க

விஜி அக்கா: பிளாஸ்க் நான் எடுத்துக்கறேன்

கார்த்தி: கடைல நிக்கறேன். ஈரல் 200 கிராம்தான் இருக்காம். இரைப்பை இருக்கு. குடல் நிறைய இருக்கு

செந்தில் அண்ணன்: பாத்தியா 😂 குடல் வாங்கு

ராஜு மாமா: 200 ஈரல், 300 இரைப்பை. குடல் வேண்டாம்

பெரியப்பா: குடல் வாங்கினா நடந்துதான் வரணும்

கார்த்தி: சரி சரி

கார்த்தி: அத்தை, வீட்டுல இறால் இருக்கா? கொஞ்சம் கிடைக்குமா?

சித்ரா அத்தை: அது சமையலுக்கு வாங்கினது

ராஜு மாமா: பத்து போதும் சித்ரா. தலையை மட்டும் கிள்ளிட்டு ஓட்டோட வாலுல இருந்து கோத்தா

சித்ரா அத்தை: ஆறு. நானே எண்ணித் தருவேன். முதல்ல அந்த டப்பா வெளிய போகட்டும்

விஜி அக்கா: காலைல நாலரையா அஞ்சா? யார் வண்டி?

செந்தில் அண்ணன்: அஞ்சு

ராஜு மாமா: நாலரை. விடியறதுக்கு முன்னாடி இரை தண்ணியில இருக்கணும்

விஜி அக்கா: வண்டி??

பெரியப்பா: பாப்போம்