டிவியில் பேஸ்பால்: கெடுப்பது விளம்பரமா, வர்ணனையா?

ரேடியோப்பெட்டி:

நேற்று ராத்திரி ஏழாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் (ஓடிச் சேரவேண்டிய மூலைகள்) ஆள். பிட்சரை (பந்து போடுபவரை) மாற்றினார்கள். உடனே விளம்பரம்: மலையேறும் டிரக், கார் காப்பீடு, மூட்டுவலி மருந்து, திரும்பவும் அதே டிரக். மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது ஒரு ஸ்டிரைக் (பேட்டருக்கு எதிராகக் கணக்காகும் பந்து) விழுந்தாயிற்று. என்ன பந்து, எங்கே வந்தது, ஒன்றும் தெரியாது. வர்ணனையாளர்கள் இருவரும் முந்தின நாள் சாப்பிட்ட மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்பது இன்னிங்ஸ் என்றால் இரண்டு அணிக்கும் தலா ஒன்பது முறை பேட்டிங், அதாவது 18 அரை இன்னிங்ஸ், நடுவில் 17 இடைவெளி. ஒன்றுக்கு 2 நிமிடம் 15 விநாடி. பெருக்கினால் 38 நிமிடம். நடுவில் பிட்சர் மாற்றினால் அது தனி. 2022இல் அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம் சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஓடியது. 2023இல் பிட்ச் கிளாக் (பந்து போடக் கெடு வைக்கும் கடிகாரம்) வந்ததும் 2 மணி 40 நிமிடம். நானும் கைதட்டினேன். ஆனால் அந்த 24 நிமிடமும் ஆட்டக்காரர்களிடமிருந்து பிடுங்கியது. இடைவெளி குறையவே இல்லை. முன்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்தது, இப்போது கால் பங்கை நெருங்கிவிட்டது. பிட்சர் தொப்பியைச் சரிசெய்ய நேரமில்லை, பேட்டர் கட்டத்தை விட்டு நகர நேரமில்லை. டிரக் மட்டும் நிதானமாக மலையேறலாம்.

டிவி பேஸ்பாலைக் கெடுப்பது விளம்பரம்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மூணாம்பேஸ்:

வந்துவிட்டேன் அண்ணே.

விளம்பரத்தைத் தாங்கும் ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது பேஸ்பால்தான். ஒன்பது பேர் உள்ளே ஓடவேண்டும், ஒன்பது பேர் வெளியே வரவேண்டும், பிட்சர் நாலு பந்து போட்டுத் தோளைச் சூடேற்ற வேண்டும். கேமரா ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த இடைவெளி இருக்கத்தான் செய்யும். எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம். அமெரிக்கக் கால்பந்தைப் பாருங்கள்: டச்டவுன், விளம்பரம், கிக் ஆஃப், மறுபடி விளம்பரம். அதைப் பார்ப்பவர்கள் புலம்பினால் நியாயம்.

தவிர, இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. மேஜர் லீக் ஆட்டம் முதன்முதலில் டிவியில் வந்தது 1939 ஆகஸ்ட் 26. புரூக்ளின் எபெட்ஸ் ஃபீல்டில் டாட்ஜர்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் ஆடினார்கள். இரண்டே கேமரா. வர்ணனை ரெட் பார்பர். அன்றைக்கே அவர் ஐவரி சோப்பைக் கையில் தூக்கிக் காட்டினார், பெட்ரோல் கம்பெனித் தொப்பியை மாட்டிக்கொண்டார், கிண்ணத்தில் வீட்டீஸ் என்ற காலை உணவுத் தானியத்தைக் கொட்டி வாழைப்பழம் நறுக்கிப் போட்டார். 1941 ஜூலை 1 அன்று, அமெரிக்காவில் சட்டப்படி அனுமதி பெற்ற முதல் டிவி விளம்பரம் வந்தது. புலோவா கடிகாரம். எதற்கு முன்னால் வந்தது? ஒரு டாட்ஜர்ஸ் ஆட்டத்துக்கு முன்னால்.

என்னைக் கேட்டால் குற்றவாளி வேறு. ஆட்டம் நடக்கும்போதே வாயை மூடாத வர்ணனை. வெளிமைதானத்தில் நிற்பவன் காதில் மைக்கை மாட்டி, பந்து பறந்துகொண்டிருக்கும்போதே பேட்டி எடுக்கிறார்கள். திரையில் பாதியை அடைத்துப் பந்தின் வேகம், எழும்பிய கோணம், ஜெயிக்க எத்தனை சதவீத வாய்ப்பு. விளம்பரம் ஆட்டம் நின்ற பிறகு வருகிறது. இவர்கள் ஆட்டத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

ரேடியோப்பெட்டி:

தோள் சூடேற்றும் கதையை விடுங்கள் தம்பி. பழைய விதிப் புத்தகத்தில் அதற்கு எட்டுப் பந்து, ஒரு நிமிடம் என்றுதான் இருந்தது. மிச்சமுள்ள ஒரு நிமிடம் 15 விநாடி யாருடையது?

பார்பர் வாழைப்பழம் நறுக்கினார், சரி. ஆனால் மைதானத்தில் நின்றுகொண்டு நறுக்கினார். பார்ப்பவனும் கூடவே மைதானத்தில் இருந்தான். இப்போது ஒவ்வொரு அரை இன்னிங்ஸுக்கும் நம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

அந்த நேரத்தில் மைதானத்தில் ஒன்றும் நடப்பதில்லை என்று நினைத்தால் 2022 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எட்வின் டியாஸ் கடைசியில் பந்து போட வருகிறார். வழக்கமாக அந்த நேரம் விளம்பரத்துக்குப் போகும். எஸ்என்ஒய் சேனலின் இயக்குநர் ஜான் டிமார்சிகோ போகவில்லை. புல்பென் (மாற்றுப் பிட்சர்கள் தோளைச் சூடேற்றும் இடம்) கதவு திறப்பதிலிருந்து கேமராவை டியாஸின் பின்னாலேயே ஓடவிட்டார். டிரம்பெட் முழங்குகிறது, அரங்கமே எழுந்து நிற்கிறது. அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஒரு ஆள் நடந்து வருவதைத்தான் காட்டினார்! அத்தனை வருடமாக மைதானத்தில் இருந்தவர்கள் பார்த்த காட்சியை நாம் காப்பீட்டுக் கம்பெனிக்காக இழந்துகொண்டிருந்தோம்.

மூணாம்பேஸ்:

டியாஸ் விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஆனால் அது இயக்குநரின் கைவண்ணம். என் கட்சிக்கும் அதுதான் சாட்சி. காட்டத் தெரிந்தவன் கையில் கொடுத்தால் டிவி பிழைக்கும்.

விளம்பரக்காரன்:

இந்த நேர வியாபாரத்தில்தான் பிழைப்பு நடத்துகிறேன். அடிக்க வருவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

உள்ளூர் சேனல்கள் இத்தனை காலம் ஓடியதற்குப் பெரிய காரணம் கேபிள் சந்தா. பேஸ்பால் பக்கமே திரும்பாத பாட்டியும் மாதாமாதம் விளையாட்டுச் சேனலுக்குக் காசு கட்டினார், அவருக்கே தெரியாமல். மக்கள் கேபிளைத் துண்டிக்கத் துண்டிக்க அந்தக் குழாய் வற்றியது. பல அணிகளின் ஆட்டத்தை ஒளிபரப்பிய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. அந்த வருடம் மே கடைசியில் சான் டியேகோ பாட்ரேஸ் ஒளிபரப்பை லீக்கே எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. சந்தா போனால் மிஞ்சுவது விளம்பரம். அதில் நிமிடத்தைக் குறை என்றால், குறைத்த காசு வேறு வழியில் உள்ளே வரும்.

வந்துவிட்டதே. 2023 முதல் சட்டைக் கையில் கம்பெனிச் சின்னம் ஒட்ட அனுமதி. அடுத்த வருடம் ஹெல்மெட்டிலும் வந்தது. பேட்டருக்குப் பின்னால் தெரியும் பலகை பல ஒளிபரப்புகளில் கணினி ஒட்டும் படம். அரங்கில் உட்கார்ந்திருப்பவர் அங்கே பார்ப்பது வேறு, நீங்கள் பார்ப்பது வேறு. அது 2 நிமிடம் 15 விநாடியில் போய்விடாது. ஒவ்வொரு பந்துக்கும் கூடவே நிற்கும்.

நானே பேஸ்பால் பைத்தியம். எனக்கு அந்தப் பலகையைவிட டிரக்கே மேல். டிரக் வந்தால் திரையை விட்டு எழுந்து போகலாம்.

பந்துபொறுக்கி:

நான் புதுசு. டெக்சாஸ் வந்து மூன்று வருடம் ஆகிறது, அதுவரை கிரிக்கெட் மட்டும்தான். ஐபிஎல் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தச் சண்டை சிரிப்பாக இருக்கிறது. அங்கே ஓவரின் கடைசிப் பந்து எல்லைக்கோட்டைத் தொடும்போதே விளம்பரம் பாய்ந்து வரும். ஆரம்பத்தில் சிக்ஸருக்கே ஒரு கட்டுமானக் கம்பெனி பெயர். ‘வியூகம் வகுக்க’ என்று சொல்லி இரண்டரை நிமிட இடைவேளை, ஆட்டத்துக்கு நாலு. யார் என்ன வியூகம் வகுத்தார்களோ, விளம்பரம் மட்டும் நன்றாக ஓடியது.

ஒரு விஷயத்தில் மூணாம்பேஸ் அண்ணனோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்த வளவளப்பும் கட்டங்களும் இல்லாவிட்டால் எனக்கு இந்த ஆட்டம் புரிந்தே இருக்காது. எது ஸ்டிரைக், எது பால் (எல்லைக்கு வெளியே போகும் பந்து) என்பதை, பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த ஹோம் பிளேட் மேல் போடும் அந்தச் செவ்வகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஸ்லைடர் என்ற வகைப் பந்து என்ன என்று ஒரு பழைய பிட்சர் கையில் பந்தை வைத்துக்கொண்டு விளக்கினார். அன்றைக்கு ஆட்டம் 11-2. அவர் வாயை மூடியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

மூணாம்பேஸ்:

பந்துபொறுக்கி, கற்றுக்கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. மெட்ஸுக்கு கேரி கோயனும் கீத் ஹெர்னாண்டஸும் ரான் டார்லிங்கும் 2006லிருந்து அதைத்தான் செய்கிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கும், இத்தனைக்கும் நான் டாட்ஜர்ஸ் ஆள்.

அந்தச் செவ்வகத்தில் ஒரு சூட்சுமம். பிட்சரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்த மைய கேமரா பெரும்பாலான மைதானங்களில் நேர் நடுவில் இருக்காது. நடுவில் வைத்தால் பிட்சரின் முதுகே மறைக்கும் என்பதால் கொஞ்சம் பக்கவாட்டில் வைப்பார்கள். அதனால் பந்து இடம் மாறித் தெரியும். பந்து உண்மையில் எங்கே வந்தது என்று காட்டத்தான் 2001இல் இஎஸ்பிஎன் சேனல் இந்தச் செவ்வகத்தைக் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான். இப்போது அது ஒவ்வொரு பந்துக்கும் நிரந்தரமாக நிற்கிறது. நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் புள்ளி விழுகிறதா என்று பார்க்கிறேன். பேட்டரின் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று?

முகம் என்றதும் 1975 நினைவுக்கு வருகிறது. பாஸ்டன் ஃபென்வே பார்க், உலகத் தொடர் (சாம்பியன் பட்டத்துக்கான வேர்ல்ட் சீரிஸ்) ஆறாவது ஆட்டம், 12ஆவது இன்னிங்ஸ். கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் பறக்கிறது. அவர் இரண்டு கையாலும் ‘உள்ளே போ, உள்ளே போ’ என்று காற்றைத் தள்ளுகிறார். இடப்பக்கச் சுவருக்குள் உட்கார்ந்திருந்த கேமராமேன் பந்தைத்தான் தொடர வேண்டும். பக்கத்தில் எலி வந்துவிட்டதாம், மனிதர் பயத்தில் கேமராவைத் திருப்பவில்லை. ஃபிஸ்க் மேலேயே நின்றுவிட்டது. ஆட்டக்காரர் முகத்தைக் காட்டும் கலையே அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது என்பார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் எழும்பிய கோணத்தைப் போட்டு ஃபிஸ்க்கை மறைத்திருப்பார்கள்.

அப்புறம் டாட்ஜர்ஸ் வர்ணனையாளர் வின் ஸ்கலி. 1950 முதல் 2016 வரை, 67 சீசன். டாட்ஜர்ஸ் ஆட்டங்களில் பெரும்பாலும் தனியாகவே பேசினார், பக்கத்தில் சிரிக்க ஆள் வைத்துக்கொள்ளவில்லை. 1988 உலகத் தொடர் முதல் ஆட்டத்தில் இரண்டு காலும் சரியில்லாத கிர்க் கிப்சன் நொண்டிக்கொண்டே வந்து ஹோம் ரன் அடித்தார். பந்து போய் விழுந்ததைச் சொல்லிவிட்டு ஸ்கலி ஒரு நிமிடத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை. கூட்டத்தின் சத்தம் மட்டும். அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை விளம்பரம் வந்தது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ரேடியோப்பெட்டி:

இல்லை. ஏனென்றால் அந்த நிமிடத்தில் விளம்பரத்துக்குப் போகவில்லை. நான் சொல்வதும் அதுதான்!

ஒசாகாவாசி:

ஜப்பானிலிருந்து எழுதுகிறேன். இங்கே டாட்ஜர்ஸுக்கு ஆடும் ஜப்பானியர் ஓதானியின் ஆட்டங்களை என்எச்கே காட்டுகிறது, காலை நேரத்தில். அது பொது ஒளிபரப்பு, விளம்பரமே கிடையாது. இன்னிங்ஸ் முடிந்தால் ரீப்ளே, மைதானக் காட்சி, ஓய்வறை வாசலில் யாராவது துண்டால் முகம் துடைப்பது. முதல் மாதம் சொர்க்கம் என்று நினைத்தேன். மூன்றாவது மாதம் அந்த இரண்டு நிமிடத்தில் தோசை ஊற்றப் போக ஆரம்பித்துவிட்டேன். ஆனால் காது ஆட்டத்திலேயே இருக்கும். கூட்டம் முணுமுணுக்கும்போதே திரும்பி ஓடிவரலாம். ரேடியோப்பெட்டி அண்ணன் ஏங்குவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஜப்பான் முழுக்க இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே தனியார் சேனல்கள் யோமியூரி ஜயன்ட்ஸ் ஆட்டத்தை ராத்திரி ஒன்பது மணி நெருங்கியதும் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போன காலம் உண்டு. எட்டாவது இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், ‘வணக்கம், போய்வருகிறோம்’.

விளம்பரக்காரன்:

என்எச்கே இலவசம் இல்லை. வீட்டுக்கு வீடு கட்டணம். நம் ஊர்க்காரர்கள் அதற்கும் இங்கே ஒரு இழை திறந்து புலம்புவார்கள்.

மூணாம்பேஸ்:

அண்ணன் பெயரே ரேடியோப்பெட்டி. டிவியை ஊமையாக்கிவிட்டு ரேடியோ வர்ணனை கேட்பவர் என்று போன வருடமே எழுதியிருந்தார். யாங்கீஸ் ரேடியோவில் ஆட்டத்தின் 15ஆவது அவுட்டைக் கைக்கோ காப்பீட்டுக்கு விற்றிருந்தார்களே, அதையும் கேட்டிருப்பீர்கள்? ‘15 நிமிடத்தில் 15 சதவீதம் மிச்சம்’ என்பது அவர்கள் கோஷம், அதனால் 15ஆவது அவுட். அந்தக் காலத்தில் மெல் ஆலன் ஹோம் ரன்னையே ‘பாலன்டைன் பிளாஸ்ட்’ என்று பீர் கம்பெனி பெயரில் கூவினார். டிவியாவது டிரக்கை இடைவெளியில் காட்டுகிறது. உங்கள் ரேடியோ அவுட்டையே விற்றுவிட்டது.

ரேடியோப்பெட்டி:

மாட்டிக்கொண்டேன். ஒப்புக்கொள்கிறேன், 15ஆவது அவுட் அசிங்கம்தான்.

ஆனாலும் அது மூன்று விநாடி. சொல்லிமுடித்ததும் அதே குரல் அடுத்த பேட்டரைச் சொல்லும், பின்னால் கடலை விற்பவன் சத்தம் கேட்கும். நான் மைதானத்தை விட்டு வெளியே வரவில்லை. டிவியில் யாராவது இன்னிங்ஸ் இடைவெளியிலும் மைதானத்தின் சத்தத்தை ஓடவிட்டு, ஓரத்தில் டிரக்கைக் காட்டட்டும், மொத்த 2 நிமிடம் 15 விநாடியும் காட்டட்டும். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

மூணாம்பேஸ்:

ஆட்டம் நடக்கும்போது ஓரத்தில் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

பந்துபொறுக்கி:

குறுக்கே ஒரு கேள்வி. நேற்று அண்ணன் சொன்ன மாதிரி ரேடியோவும் டிவியும் சேர்த்து வைத்தேன். ரேடியோவில் ஹோம் ரன் என்று கத்திவிட்டார்கள், திரையில் பிட்சர் இன்னும் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறார். இதை எப்படிச் சமாளிப்பது?

ரேடியோப்பெட்டி:

சாதாரண ரேடியோப் பெட்டி என்றால் அப்படித்தான், டிவிக்கு முந்திக்கொள்ளும். அதே சேனலை போன் செயலியில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் டிவிக்குப் பின்னால் வரும். அப்போது பேட் பந்தைத் தொடும் காட்சியில் டிவியை நிறுத்திவைத்து, ரேடியோவில் அந்தச் சத்தம் வரும்போது ஓடவிடுங்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்குப் பிறகும் கொஞ்சம் விலகும். மறுபடி சரிசெய்ய 2 நிமிடம் 15 விநாடி தாராளம்.