எங்கள் கூத்து வாத்தியார்: பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

செய்யாற்றங்கரை

வாத்தியாரின் கருமாதி முடிந்து மாதம் ஒன்றாகிறது. துரியோதனனாகவும் கர்ணனாகவும் அவரைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். எனக்கோ துகிலுரிதல் நடந்த ஓர் இரவுதான் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அன்று அவருக்குத் துச்சாதனன் வேஷம். திரௌபதியாக வேஷம் கட்டியவன் எங்கள் கூத்துக் குழுவான ஜமாவுக்குப் புதிதாக வந்திருந்த பையன். நான் பின்பாட்டுக்கு நின்றிருந்தேன். கற்பூரம் ஏற்றி, அம்மனைக் கும்பிட்டு, “இது வேஷந்தான் தாயே, குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்” என்று வேண்டிய பிறகே அவர் புடவையில் கை வைப்பது வழக்கம். அதற்குள் கூட்டத்தில் இரண்டு பெண்களுக்கு அருள் வந்துவிட்டது. அதைக் கண்ட பையன் வெலவெலத்துப்போய்ப் பாட்டின் அடியை விட்டுவிட்டான்.

வாத்தியார் கிறுக்கி என்னும் சுழலாட்டம் சுற்றி வந்த வேகத்திலேயே அவன் காதருகே குனிந்து, “பயப்படாதேப்பா, முந்தானை நுனியை மட்டும்தான் பிடிப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு பாடு, விட்ட இடத்தை நான் எடுத்துக்கொடுக்கிறேன்” என்றார். மறுகணம் நிமிர்ந்து அவர் போட்ட அதட்டலில் முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகள் வீரிட்டு அழுதன. அரிதாரம் வியர்வையில் கரைந்து கழுத்துவரை இறங்கியிருந்தது. உருட்டிய விழிகளில் அத்தனை கொடூரம் இருந்தது. ஆனால் முந்தானையைப் பிடித்திருந்த இரண்டு விரல்கள் மட்டும் பூப்பறிப்பதுபோல் அவ்வளவு பதமாக இருந்தன. அந்த விரல்களை அவ்வளவு அருகில் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இதை எழுதிவைக்கத் தோன்றியது.

ஆரணிக்காரன்

நான் கூத்துக்காரன் அல்லன். அவருடைய பக்கத்துத் தெருக்காரன். கூத்து இல்லாத மாதங்களில் அவர் திண்ணையில் உட்கார்ந்து கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கிக் கிரீடமும் புஜக்கீர்த்தியும் செய்வதையும், கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டுவதையும் பார்த்து வளர்ந்தவன். 2020ஆம் ஆண்டு பங்குனியில் ஊரடங்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆண்டு முழுவதற்கும் சோறு போடும் பங்குனி முதல் ஆடி வரையிலான திருவிழாக்கள் அத்தனையும் நின்றுபோயின. ஆட ஒப்புக்கொண்டு வாங்கிய தாம்பூலங்களையெல்லாம் அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, நண்பர்கள் சேர்ந்து ஒரு மூட்டை அரிசி வாங்கிக்கொண்டு போனோம்.

அவர் அதை வீட்டுக்குள் கொண்டுபோகவே இல்லை. மூட்டையைத் திண்ணையிலேயே பிரித்து, ஒரு படியை எடுத்துவரச் சொல்லி, கூத்துப் பணத்தைப் பங்கு பிரிப்பதுபோலவே அரிசியையும் அளந்தார். மத்தளத்துக்கு ஒரு பங்கு, ஆர்மோனியத்துக்கு ஒரு பங்கு, முகவீணைக்கு ஒரு பங்கு, கட்டியக்காரனுக்கு ஒரு பங்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தனித்தனிப் பைகளில் கொட்டினார். முந்திய ஆண்டு இறந்துபோன தாளக்காரரின் பெயரையும் சொல்லி ஒரு பை கட்டினார். “அவர்தான் இல்லையே அண்ணா” என்று எங்களில் ஒருவர் சொல்ல, “அவர் வீட்டில் உலை வைக்கிறார்களே தம்பி” என்றார்.

வந்தவாசி வாசகன்

மேலே எழுதிய இருவரும் அவருடைய நல்ல மனத்தைப் பற்றியே சொல்கிறீர்கள். அது உண்மை. ஆனால் அந்த மனத்தைச் சொல்லிச் சொல்லியே நாம் அவரை விடிய விடிய அடிமாட்டு விலைக்கு ஆடவைத்தோம் என்பதையும் பேச வேண்டும். ஓர் ஊரில் துரியோதனன் வீழும் படுகளம் முடிந்து, மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஓடிக் களைத்து, கட்டை என்று நாம் சொல்லும் மர அணிகளைக்கூட அவிழ்க்காமல் அவர் உட்கார்ந்திருந்தபோது, பேசிய தொகையில் பாதியைக் கொடுத்து “மீதி அடுத்த வருஷம் வாத்தியாரே” என்றார்கள். அவர் தலையசைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

ஆகவே இப்போது ஜமா நடத்துகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். தாம்பூலம் மாற்றும்போதே பாதித் தொகையைக் கையில் வாங்கிவிடுங்கள். இரவு முழுவதும் ஆடிய உடம்போடு விடியற்காலையில் கணக்குப் பேச யாராலும் முடியாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் ஒவ்வொருவரும் பதிவு செய்து, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூத்தவர்கள் பலர் அட்டையை வாங்கிப் பெட்டியில் போட்டு மறந்துவிடுகிறார்கள். வாத்தியாரின் பாட்டு நோட்டுகளை உடனே படம் எடுத்து வையுங்கள். புரிசை ஊரின் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் கூத்து அவர் காலத்துக்குப் பிறகும் நிற்கிறதென்றால், அந்தக் குடும்பம் அதை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் காரணம். நம் வாத்தியாருக்கோ பிள்ளைகள் யாரும் வேஷம் கட்டவில்லை. ஐந்து நிமிடக் காணொளிகள் எத்தனை இருந்தாலும் பயனில்லை. தொடக்கத்தில் களரி கட்டுவதிலிருந்து முடிவில் மங்களம் பாடுவது வரை ஓர் இரவு முழுவதும் ஒரே இடத்தில் ஒலிவாங்கி வைத்துப் பதிய வேண்டும்.

முகவீணைக்காரர் மகன்

வந்தவாசி நண்பருக்கு ஒரு மறுப்பு. வாத்தியார் குறைந்த தொகைக்கு ஆடியது ஏமாளித்தனத்தால் அன்று. மழை பொய்த்த ஆண்டில் அந்த ஊரின் ஏரி வறண்டு கிடந்ததை வண்டியில் போகும்போதே என் அப்பாவிடம் காட்டி, “இவர்களிடம் எப்படி முழுத்தொகை கேட்பது?” என்றவர் அவர். வசதியான ஊர்களில் அவர் ஒரு ரூபாய்கூடக் குறைத்ததில்லை. பாதித் தொகையை முன்பே வாங்க வேண்டும் என்ற உங்கள் யோசனையை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். கருமாதி இரவில் எங்கள் ஜமாவே அவருக்காகக் கர்ண மோட்சம் ஆடியது. ஊரில் யார் இறந்தாலும் அந்தக் கூத்தில் கர்ணனாக நின்றவர் அவர். அன்று அவருடைய கட்டைகளை அணிந்து அவருடைய சீடர் நின்றார். கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் நன்றாகவே நடந்தது. கிழ அந்தணராக வந்த கண்ணனுக்குக் கர்ணன் தன் புண்ணியம் முழுவதையும் தாரை வார்க்கும் இடத்தில் விருத்தம் பாதியில் நின்றுவிட்டது. பின்பாட்டுக்காரர் உட்பட ஒருவருக்கும் மீதி வரவில்லை. எப்போதும் அதை வாத்தியார் ஒருவரே பாடி முடித்துவிடுவார். நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்போம். ஆர்மோனியம் சுருதியை இழுத்துக்கொண்டே இருந்தது. அப்போது பாயில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர், எழுந்திருக்கக்கூட இல்லை, வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு மீதி அடிகளைப் பிசகாமல் பாடினார். சீடர் அவரைப் பார்த்துக் கைகூப்பி, அடியடியாகத் திருப்பிப் பாடினார்.

நோட்டில் அந்தப் பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டது. மறுநாளே எடுத்துப் பார்த்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு வேறு எத்தனை பாட்டுகள் தெரியும் என்பதை இன்னும் யாரும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு காலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன். நல்ல ஒலிவாங்கி வைத்திருப்பவர்கள் யாராவது கூட வந்தால் உதவியாக இருக்கும்.