ரைபோநியூக்ளியேஸ் ஏ: படிகத்தில் கண்ட வடிவம்தான் வேலை செய்யும் வடிவமா?

வெண்மதி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். முதுகலை உயிர்வேதியியல் படிக்கிறேன். மாட்டின் கணையத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும், ஆர்.என்.ஏ.வை வெட்டும் ரைபோநியூக்ளியேஸ் ஏ என்ற நொதியின் முப்பரிமாண அமைப்பு 1967-இல் எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்பது குறித்து வகுப்புக் கருத்தரங்கில் பேச இருக்கிறேன். எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. படிகத்தின் வழியே எக்ஸ் கதிர் சென்று சிதறிப் புள்ளிகளாகப் பதியும் விளிம்பு விளைவில் அப்புள்ளிகளின் செறிவு மட்டுமே பதிவாகும் என்றால், விடுபட்டுப்போன கட்டத்தை (ஒவ்வொரு சிதறல் அலையும் ஏற்ற இறக்கத்தின் எந்த நிலையில் உள்ளது என்ற தகவலை) அக்காலத்தில் எப்படி மீட்டார்கள்? அடுத்து, படிகத்துக்குள் வரிசைகட்டி நிற்கும் மூலக்கூறு, கரைசலில் ஆர்.என்.ஏ.வை வெட்டும்போது உள்ள வடிவத்தில்தான் இருக்கிறது என்று எதை வைத்து நம்பினார்கள்?

குறிஞ்சிவேந்தன்:

முதல் கேள்விக்கு என்னால் இயன்ற விடை இது. புரதப் படிகத்தைக் கன உலோகச் சேர்மம் ஒன்றின் கரைசலில் ஊறவைப்பார்கள். அந்த உலோக அணு ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரே இடத்தில் சென்று அமர்ந்து, படிகத்தின் அடுக்கமைப்பையும் குலைக்காமல் இருந்தால், உலோகம் உள்ள படிகத்துக்கும் இல்லாத படிகத்துக்கும் இடையே புள்ளிகளின் செறிவு சற்றே மாறும். அந்த வேறுபாட்டிலிருந்து உலோக அணுவின் இடத்தையும், அதிலிருந்து புரதத்தின் கட்டத்தையும் கணக்கிடலாம். ஆனால் ஒரே ஒரு உலோக வழிப்பொருள் (உலோகம் ஏற்றிய படிகம்) போதாது. அது பெரும்பாலும் இரண்டு விடைகளைத் தரும், அவற்றில் எது சரி என்று காட்ட இன்னொரு வழிப்பொருள் தேவை. இதை வட்டங்கள் வரைந்து தீர்க்கும் முறையை 1956-இல் வெளியிட்ட டேவிட் ஹார்க்கர்தான், பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் ஆய்வு நிலையத்தில் இந்த நொதியின் அமைப்பைத் தீர்த்த குழுவுக்குத் தலைவர்.

அக்குழுவின் கட்டுரையில் முதற்பெயராக இருப்பவர் கோபிநாத் கர்த்தா. அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1954-இல் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழைச் சுருள் அமைப்பை முன்வைத்தவர். பின்னர் பஃபலோவில் பார்த்தசாரதியுடன் இணைந்து, கன அணு முறையையும் முரண் சிதறல் (சில அணுக்கள் எக்ஸ் கதிரை வழக்கத்துக்கு மாறாகச் சிதறச் செய்வது) தரவுகளையும் ஒன்றுசேர்த்துக் கட்டத்தைக் கணிக்கும் வழியை 1965-இல் வெளியிட்டார். கருத்தரங்கில் இவருக்குச் சில நிமிடங்களாவது ஒதுக்குங்கள். நம் பாடநூல்களில் இவர் பெயர் போதிய அளவு இடம்பெறவில்லை என்பது என் ஆதங்கம்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: 124 அமினோ அமிலங்களின் வரிசையும் சங்கிலியின் பகுதிகளைக் கந்தக அணுக்கள் வழியே இணைக்கும் நான்கு டைசல்பைடு பிணைப்புகளின் இடங்களும் உயிர்வேதியியலாளர்கள் ஸ்டைன், மூர் ஆகியோரின் ஆய்வகத்தால் முன்பே கண்டறியப்பட்டிருந்தன. எலக்ட்ரான்கள் எங்கே செறிந்துள்ளன என்று காட்டும் மங்கலான எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் சங்கிலியின் போக்கைத் தொடர்வதற்கு அது பெருந்துணை.

நெய்தல்:

இரண்டாம் கேள்விதான் இந்த நொதியின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. படிகவியலாளர்கள் வரைபடம் வரைவதற்கு முன்பே வேதியியலாளர்கள் ஒரு முன்னறிவிப்பைச் செய்துவிட்டார்கள். 1963-இல் கிரெஸ்ட்ஃபீல்டு, ஸ்டைன், மூர் மூவரும் நொதியை அயோடோஅசிட்டேட்டுடன் வினைபுரியச் செய்தபோது, 12-ஆம் இடத்து ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமோ 119-ஆம் இடத்து ஹிஸ்டிடினோ மாற்றம் பெற்றது. ஆனால் ஒரே மூலக்கூறில் இரண்டும் மாறவில்லை. ஒன்று மாறினாலும் செயல்திறன் போய்விட்டது. வரிசையில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் தள்ளி இருக்கும் இவ்விரண்டும், மடிந்த மூலக்கூறில் நேருக்கு நேர் இருந்தாக வேண்டும் என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். 1967-இல் வெளிவந்த அமைப்பில் அவ்விரண்டும் ஒரே பிளவின் இருபுறமும், அருகிலேயே 41-ஆம் இடத்து லைசின் என்ற அமினோ அமிலமும் இருந்தன. கரைசலில் செய்த வேதியியல் படிகத்தில் அப்படியே பொருந்தியது.

இதைவிட நேரடியான சான்று யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 20-க்கும் 21-க்கும் இடையே சங்கிலி வெட்டப்பட்டு, இரண்டு துண்டுகளும் பிரியாமல் சேர்ந்தே இயங்கும் ரைபோநியூக்ளியேஸ் எஸ் என்ற வடிவத்தின் படிகங்களை எடுத்துக்கொண்டு, அவை கரையாத நிலையிலேயே சிறிய வினைபடு பொருளை வெட்டுகின்றனவா என்று டாஷரும் ரிச்சர்ட்ஸும் 1963-இல் சோதித்தார்கள். வெட்டின. புரதப் படிகத்தில் ஏறத்தாழப் பாதி நீர் என்பதால், சிறு மூலக்கூறுகள் உள்ளே சென்று செயல்மையத்தை (வினை நிகழும் இடத்தை) அடைய வழி இருக்கிறது. அதே வடிவத்தின் அமைப்பை வைக்காஃப், ரிச்சர்ட்ஸ் குழுவினர் 1967-இலேயே வெளியிட்டார்கள். தனித்தனியே தீர்க்கப்பட்ட அவ்விரு அமைப்புகளும் அடிப்படையில் ஒத்துப்போயின.

வெண்மதி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரே ஒரு ஐயம். இந்த நொதி ஆர்.என்.ஏ.வை வெட்டி டி.என்.ஏ.வை விட்டுவிடுவதற்கான காரணமும் அந்தப் பிளவிலேயே தெரிகிறதா?

நெய்தல்:

தெரிகிறது, தோழி. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையான ரைபோஸின் 2-ஆம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியிலிருந்து 12-ஆம் ஹிஸ்டிடின் புரோட்டானை வாங்கிக்கொள்ள, அந்த ஆக்சிஜன் அடுத்துள்ள பாஸ்பரஸைத் தாக்குகிறது. விலகிச் செல்லும் பகுதிக்கு 119-ஆம் ஹிஸ்டிடின் புரோட்டானைத் தருகிறது. இவ்வாறு உருவாகும் வளைய பாஸ்பேட் பின்னர் நீரால் திறக்கப்படுகிறது. டி.என்.ஏ.வில் அந்த ஹைட்ராக்சில் இல்லை; எனவே முதல் அடியே நிகழாது. கருத்தரங்கில் படம் காட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பிற்காலத்தில் கிடைத்த அமைப்புகளில் 119-ஆம் ஹிஸ்டிடினின் பக்கச்சங்கிலி இரண்டு வேறு நிலைகளில் காணப்படுகிறது, எந்த நிலை மேலோங்கும் என்பது படிகத்தின் அமில காரத் தன்மையையும் பொறுத்தது. ஆகவே எந்தப் படிகத்திலிருந்து எடுத்த படம் என்பதையும் அதன் கீழே குறிப்பிடுங்கள்.