எஞ்சின் விளக்கு எரிகிறது, விடியற்காலை மதுரைக்குப் புறப்பட வேண்டும்: ஓட்டலாமா?

வேளச்சேரிவாசி (வெள்ளி, இரவு 9.12)

வணக்கம். இன்று மாலை அலுவலகத்திலிருந்து திரும்பும்போது டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது, இன்னும் அணையவில்லை. வண்டி ஓடுகிறது, ஆனால் வழக்கமான இழுவை இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அம்மாவையும் அக்கா குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட வேண்டும், ஞாயிறன்று அங்கே காதுகுத்து. இந்த நேரத்தில் எந்தப் பட்டறையும் திறந்திருக்கவில்லை. இப்படியே ஓட்டிக்கொண்டு போகலாமா, கூடாதா என்பதை மட்டும் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தாம்பரம் பாலா (இரவு 9.19)

எந்த ஆண்டு வாங்கிய கார், பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இவற்றில் ஒன்றையும் நீங்கள் சொல்லவில்லையே. இழுவை இல்லை என்றால் எல்லா கியரிலுமா, மேட்டில் ஏறும்போது மட்டுமா? எஞ்சின் ஐடிலிங்கில் நிற்கும்போது நடுங்குகிறதா?

எரிபொருள் நண்பன் (இரவு 9.24)

கடைசியாக எங்கே, எப்போது பெட்ரோல் போட்டீர்கள்? என்னைக் கேட்டால் காரணம் அதுதான். 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. அதற்கேற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலுக்குப் பிறகுதான். உங்களுடையது அதற்கு முந்தைய வண்டி என்றால், டாங்கில் இருப்பதை முழுவதும் இறக்கிவிட்டு வேறு பெட்ரோல் போட்டுப் பாருங்கள்.

நியூஜெர்சி மாமா (இரவு 9.31)

தம்பி, பதற வேண்டாம். முதலில் பெட்ரோல் டாங்க் மூடியைக் கழற்றி, 'டிக் டிக்' என்று சத்தம் வரும்வரை மறுபடியும் இறுக்குங்கள். இங்கே எனக்கு மூன்று முறை இந்த விளக்கு எரிந்திருக்கிறது, மூன்று முறையும் மூடிதான் காரணம். பி0455 என்ற கோடு (வண்டியின் கணினி பதிவு செய்யும் கோளாறுக் குறியீட்டு எண்) வந்தது. இரண்டு மூன்று நாள் ஓட்டியதும் விளக்கு தானாகவே அணைந்துவிட்டது.

கண்காணி63 (இரவு 9.40)

இதே கேள்விக்கு நான் எத்தனையோ முறை விடை எழுதியிருக்கிறேன். கேட்பவர்கள் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் இல்லாததால் மறுபடியும் எழுதுகிறேன்.

முதலாவது, மூடி விவகாரம். எரிபொருள் ஆவி டாங்கிலிருந்து கசிகிறதா என்பதை வண்டியே சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து அங்கே விற்கும் கார்களில் அந்தச் சோதனை இருக்கிறது. நம் ஊர் விதிகள் ஐரோப்பிய விதிகளை ஒட்டியவை, அவற்றில் அந்தக் கசிவுச் சோதனை கட்டாயம் இல்லை. ஆகவே அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே மூடியை இறுக்கிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு.

இரண்டாவது, கேட்டவர் சொல்லாமல் விட்ட முக்கியமான ஒன்று: விளக்கு நிலையாக எரிகிறதா, கண் சிமிட்டுவதுபோல் விட்டு விட்டு எரிகிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் ஓட்டலாம் என்றோ கூடாது என்றோ சொல்பவர் யாராக இருந்தாலும் பொறுப்பில்லாமல் பேசுகிறார் என்று பொருள். நிலையாக எரிந்து, வண்டியும் இயல்பாக ஓடினால், மெதுவாக ஓட்டிச் சென்று இரண்டொரு நாளில் காட்டிக்கொள்ளலாம். விட்டு விட்டு எரிந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலேயே வெளியேறுகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பின்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். அந்தச் சூட்டில் அது உருகி அடைத்துக்கொண்டால் செலவு பல்லாயிரம் ரூபாய்.

வேளச்சேரிவாசி (இரவு 9.52)

மன்னிக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2017இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, நான்கு சிலிண்டர், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விளக்கு இப்போது நிலையாக எரிகிறது. ஆனால் வேளச்சேரி மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது வண்டி விட்டு விட்டு உதறியது. அப்போது விளக்கும் சிமிட்டியது என்று பக்கத்தில் இருந்த என் மனைவி சொல்கிறாள். ஐடிலிங்கில் ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறது.

எலி ஜாக்கிரதை (இரவு 9.58)

போனட்டைத் திறந்து வயர்களைப் பாருங்கள். மழைக்காலத்தில் எஞ்சின் சூட்டுக்காக எலி உள்ளே ஏறிவிடும். போன ஆண்டு என் வண்டியில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் வயரைக் கடித்து வைத்திருந்தது. அப்போதும் இதே உதறல், இதே விளக்கு. புழுக்கை கிடக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சேலம் குமரன் (இரவு 10.03)

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மாட்டுங்கள். விளக்கு அணைந்துவிடும், நிம்மதியாக ஊருக்குப் போய்வரலாம். நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

கண்காணி63 (இரவு 10.08)

குமரன் அவர்களே, காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கோடு பதிவாகும் அந்த நொடியில் எஞ்சின் என்ன வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சுமை இருந்தது, கூலன்ட் எவ்வளவு சூடு, வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போனது என்பதையெல்லாம் கணினி ஃப்ரீஸ் ஃபிரேம் என்று சேமித்து வைக்கும். பேட்டரியைக் கழற்றினால் பெரும்பாலும் அத்தனையும் அழிந்துபோகும். நாளை பட்டறையில் ஸ்கேனர் மாட்டுபவருக்கு வெற்றுத் திரைதான் கிடைக்கும்.

சேலம் குமரன் (இரவு 10.13)

ஐயா, பதினெட்டு ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். எல்லோரிடமும் ஸ்கேனர் இருக்கிறதா? நடுவழியில் நிற்பவனுக்கு உங்கள் ஃப்ரீஸ் ஃபிரேமால் என்ன பயன்? அவர் கேட்டது ஊருக்குப் போகும் வழி.

தாம்பரம் பாலா (இரவு 10.17)

சண்டை வேண்டாம். ஸ்கேனர் பெரிய பொருள் இல்லை. ஈஎல்எம்327 என்ற புளூடூத் கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே கால் பக்கம் பதினாறு துளை கொண்ட சாக்கெட் இருக்கும், அதில் செருகிக் கைபேசியிலேயே கோடைப் படிக்கலாம். வேளச்சேரி சார், உங்கள் அடுக்ககத்தில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நாளை வரை விளக்கு எரிந்தாலும் பரவாயில்லை, கோடைப் படிக்காமல் எதையும் அழித்துவிடாதீர்கள்.

வேளச்சேரிவாசி (இரவு 10.41)

மூன்றாவது மாடியில் இருக்கும் தம்பியிடம் அந்தக் கருவி இருந்தது. பி0302 என்று ஒரே ஒரு கோடுதான் வருகிறது. எலி வந்த அடையாளம் எதுவும் இல்லை. இது என்ன கோடு?

கோவை பட்டறை (இரவு 10.49)

பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று பிரித்துச் சொல்ல முடியாத மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியாமல் போவது. அதன் கடைசி எண் 1 முதல் 4 வரை இருந்தால் அது சிலிண்டரின் எண். உங்களுக்கு இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் வெடித்துத் தள்ள வேண்டும். ஒன்று தள்ளாமல் விட்டால் அந்த அரைச் சுற்றில் கிராங்க் மிக நுண்ணிய அளவு தாமதமாகும். கிராங்க் சென்சார் அந்தத் தாமதத்தை எண்ணித்தான் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கில் உணர்ந்த நடுக்கமும் அதே தாமதம்தான்.

ஒரே ஒரு கேள்வி, மறைக்காமல் சொல்லுங்கள்: இந்த வாரத்தில் வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டீர்களா?

வேளச்சேரிவாசி (இரவு 10.55)

ஆமாம், ஊருக்குப் போகிறோமே என்று நேற்று மாலை விட்டேன். போனட்டைத் திறந்து எஞ்சினையும் கழுவித் தந்தார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கவில்லை.

கோவை பட்டறை (இரவு 11.10)

நேற்று நீங்கள் செய்த அந்த ஒரு காரியத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் யோசித்திருக்க வேண்டாம். இப்போதாவது சொன்னீர்களே, நல்லது.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் வரிசையாக நான்கு இக்னிஷன் காயில் தெரியும், தீப்பொறி தரும் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுப்பவை அவை. ஒவ்வொன்றையும் பெரும்பாலும் ஒரே ஒரு பத்தாம் எண் போல்ட்தான் பிடித்திருக்கும். சாவியை எடுத்துவிட்டு, கனெக்டரின் பூட்டை அழுத்தி விடுவித்து, இரண்டாவது காயிலை நேராக மேலே இழுங்கள். முறுக்கி இழுத்தால் ரப்பர் கிழியும். பிறகு அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்கின் தலையைச் சுற்றித் தண்ணீர் நின்றால், அந்தத் தண்ணீர் போகும்வரை எக்காரணம் கொண்டும் பிளக்கைக் கழற்றாதீர்கள். கழற்றினால் தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி ஒற்றி எடுங்கள், அல்லது காலையில் பஞ்சர் கடையில் காற்று அடிக்கச் சொல்லுங்கள்.

பிறகு காயிலின் அடியில் உள்ள ரப்பர் உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தலைமுடிபோல் மெல்லிய தடம் ஒன்று மேலிருந்து கீழாக ஓடியிருந்தால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தத் தடத்தின் வழியாக எஞ்சின் உலோகத்துக்குப் பாய்கிறது என்று பொருள். அப்படி ஒரு தடம் விழுந்துவிட்டால் துடைத்துக் காய வைத்தாலும் பயனில்லை, சுமை ஏறியதும் மறுபடியும் அதே வழியில்தான் பாயும். மேம்பாலத்தில் உதறியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

உறுதி செய்துகொள்ள, இரண்டாவது காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போடுங்கள். பி0302 என்ற கோடு என்னவென்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் இப்போது அதை ஸ்கேனரில் அழிக்கலாம். வண்டியை ஸ்டார்ட் செய்து சிறிது நேரம் ஓடவிடுங்கள். பி0303 என்று வந்தால் குற்றவாளி காயில்தான். மறுபடியும் பி0302 என்றே வந்தால், பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்; அது வீட்டு வாசலில் நடக்கும் வேலை இல்லை.

எப்படியானாலும் இதைச் சரிசெய்யாமல் அம்மாவையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு நானூற்று ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

எரிபொருள் நண்பன் (இரவு 11.16)

எல்லாம் சரி, ஆனால் காயில் ஏன் கெட்டது என்று யாரும் கேட்கவில்லையே. எத்தனாலில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 35 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. அது கலந்தால் காற்று-எரிபொருள் கலவை மெலிந்துபோகும் (காற்று கூடி எரிபொருள் குறையும்), மிஸ்ஃபயர் வரும். இந்த வண்டி 2017இல் வந்தது.

மின்னணு மணி (இரவு 11.27)

நண்பரே, ஆக்சிஜன் கணக்கு சரிதான், முடிவு சரியில்லை. ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஏறத்தாழ 9 பங்கு போதும். 20 சதவீதக் கலப்பில் அது 13.5 அளவுக்கு வரும். அதாவது 10 சதவீதக் கலப்புக்குப் பழகிய வண்டி நான்கைந்து சதவீதம் கூடுதலாக எரிபொருளைத் தெளிக்க வேண்டியிருக்கும். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கணினியே அதைத் திருத்திக்கொள்ளும், ஃபியூவல் டிரிம் என்று ஸ்கேனரில் நீங்களே பார்க்கலாம். திருத்தம் எல்லை மீறிப் போனால் கலவை மெலிந்துவிட்டது என்று பொருள்படும் பி0171 வரும். அதைவிட முக்கியமாக, டாங்க் ஒன்று, பெட்ரோல் ஒன்று. அது கெட்டிருந்தால் நான்கு சிலிண்டரும் தடுமாற வேண்டாமா? இரண்டாவது மட்டும் ஏன் தடுமாறுகிறது?

எரிபொருள் நண்பன் (இரவு 11.34)

பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களும் சீல்களும் இந்தக் கலப்புக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா? மைலேஜ் குறைந்திருப்பதை நான் என் வண்டியிலேயே பார்க்கிறேன்.

மின்னணு மணி (இரவு 11.41)

இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு, மைலேஜ் குறையத்தான் செய்யும். சீல் பற்றிய கவலையும் நியாயமானது. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நடப்பது. நேற்று எஞ்சினைக் கழுவி இன்று ஒரே சிலிண்டரில் வந்த கோளாறுக்கு அதைக் காரணமாகச் சொன்னால், கேட்டவர் நள்ளிரவில் டாங்கைக் காலி செய்துகொண்டிருப்பார்.

நியூஜெர்சி மாமா (இரவு 11.50)

மூடி பற்றி நான் சொன்னது உங்கள் ஊருக்குப் பொருந்தாது என்று இப்போது புரிகிறது, கண்காணி சாருக்கு நன்றி. இங்கே உதிரிபாகக் கடைகள் பலவற்றில் காசு வாங்காமலேயே கோடைப் படித்துச் சொல்வார்கள். வண்டிச் சோதனையின்போதும் அந்தச் சாக்கெட்டில்தான் கருவியைச் செருகுகிறார்கள்; பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போனால் வண்டி இன்னும் தன் சோதனைகளை முடிக்கவில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். தம்பி, என்ன ஆயிற்று?

கண்காணி63 (சனி, காலை 7.05)

கேட்டவரைக் காணவில்லை. புறப்பட்டுப் போய்விட்டாரோ என்று கவலையாக இருக்கிறது. வழியில் இதைப் பார்த்தால், விளக்கு சிமிட்டும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குப்பி போன்ற விளக்கு எரிந்தால் அது முற்றிலும் வேறு. அடுத்த கிலோமீட்டர் வரை கூடப் போகாமல் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும்.

வேளச்சேரிவாசி (செவ்வாய், இரவு 8.20)

அனைவருக்கும் நன்றி. அன்று இரவே காயிலைக் கழற்றினேன். குழியில் ஒரு விரல்கடை அளவு தண்ணீர் நின்றது. ரப்பர் உறையில் கோவை சார் சொன்ன தடம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒற்றி எடுத்து மாற்றிப் போட்டதும் பி0303 வந்தது. வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்தில் போய்வந்தோம். நேற்று ஒரு காயில் புதிதாகப் போட்டேன், 2,100 ரூபாய். இப்போது உதறல் இல்லை, விளக்கும் இல்லை.

கோவை பட்டறை (செவ்வாய், இரவு 8.46)

நல்ல செய்தி. மற்ற மூன்று குழிகளையும் பார்த்தீர்களா? வாட்டர் கன்னில் அடித்த தண்ணீர் இரண்டாவதில் மட்டும் இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. 62,000 கிலோமீட்டருக்குள் பிளக் ஒருமுறையாவது மாற்றியிருக்கிறீர்களா? பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தால் அதைத் தாண்டக் காயிலுக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும், புதிய காயிலும் விரைவில் இதே நிலைக்கு வரும். இரண்டாவது பிளக்கைக் கழற்றி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.